நோவெல்லஸின் இரண்டு கைகள்

அன்பு மகன் மெரூலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ரைன் ஆற்றங்கரைக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று வீட்டுத் தெய்வங்களுக்குத் தினமும் சாம்பிராணி போடுகிறேன். வழக்கமாக அப்பாதான் எழுதுவார், இன்று அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நானே எழுதுகிறேன், கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. காய்ச்சலோடு நடக்க முடியாமல் நீ தள்ளாடியபோது உன் கூடாரத்துக்காரன் நோவெல்லஸ் தன் கேடயத்தைத் தோல்வாரில் முதுகில் மாட்டிக்கொண்டு, உன்னுடையதை இடது கையில் தூக்கிக்கொண்டு முகாம்வரை வந்தானாமே. கேடயத்தை வழியில் போட்டவனுக்கு என்ன தண்டனை என்று சிப்பாய் பெண்டாட்டியான எனக்குத் தெரியாதா, படித்துவிட்டு அழுதேன். பெற்ற வயிறு குளிர்ந்தது மகனே, அந்தப் பிள்ளை நூறு வயது இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். பயிற்சியில் உனக்கு இடப்பக்கம் நிற்கும் நோவெல்லஸ் கட்டை வாளின் பிடியால் உன் முழங்கையை ஓயாமல் இடிக்கிறான், கை கன்றிப்போயிற்று என்று போன இலையுதிர் காலத்தில் எழுதினாயே, நினைவிருக்கிறதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓர் ஈயத்தகட்டில் அவன் கை வாடிப்போகட்டும் என்று சாபம் கீறி, சுருட்டி, ஆணி அறைந்து, நம் ஊற்றுத்தாய் கோயில் தண்ணீரில் போட்டுவிட்டேன். எந்தக் கையால் இடிக்கிறான் என்று நீ எழுதவில்லை, அதனால் இரண்டு கையையும் எழுதினேன்.

உன் இந்தக் கடிதம் வந்ததும் அப்பாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன், பக்கத்தில் நிற்பவன் ஏன் இடிப்பான் என்று. மனிதர் விழுந்து விழுந்து சிரித்து, கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றிக் கேடயம்போல் கையில் பிடித்துக் காட்டினார். "அடியே, நடுவுல இருக்குற கட்டைய உள்ளங்கை கீழே பார்க்கப் பிடிச்சு, கையை நீட்டித் தொங்கவிடணும். உன் மவன் முழங்கைய மடக்குறான், மடக்குனா கை சோர்ந்து கேடயம் சரிஞ்சிரும், சரிஞ்சா பக்கத்துல நிக்கிறவன் உயிருல்ல போகும்? இடிக்காம முத்தமா குடுப்பான்?" என்றார். அதற்குள் ஆறு கோழி ஓடிவிட்டது, ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. எனக்குக் கோழியா முக்கியம், ஊற்றில் கிடக்கும் தகடுதான் கண்முன் வந்தது.

மறுநாளே ஊற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினேன். நூறு தகடு கிடக்கிறது, எல்லாம் ஒன்றுபோல் சுருண்டு கிடக்கிறது, என்னுடையது எது என்று எங்கே கண்டேன். கோயில் காவல்காரி கரையில் நின்றுகொண்டு, "போட்டது போட்டதுதாம்மா, ஆத்தா இந்நேரம் படிச்சிருப்பா" என்கிறாள். தச்சனிடம் மரத்தில் இரண்டு கை செதுக்கி வாங்கி, ஆத்தா, தெரியாமல் கேட்டுவிட்டேன், கொடுத்துவிடாதே என்று அழுது, காணிக்கையாக அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

கேடயப் பிடிக்கட்டையில் சுற்ற இரண்டு ஆட்டுத்தோல் அனுப்பியிருக்கிறேன், மிருதுவானது அவனுக்கு. நீ முழங்கையை மடக்காதே. தாயில்லாப் பிள்ளை என்று எழுதியிருந்தாய், இனி இந்த வீட்டில் அவனுக்கும் ஒரு தட்டு உண்டு என்று சொல். தெய்வங்கள் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஏன் என்று சொல்லாமல் அவனைக் கைகளை விரித்துக் காட்டச் சொல். பத்து விரலும் மடங்கி நிமிர்கிறதா என்று பதிலில் முதல் வரியாக எழுது, உன் சுகத்தை அடுத்த வரியில் எழுதினால் போதும்.

உங்கள் இருவருக்கும் அம்மா,
சாமில்லா