இரண்டு முறை போட்ட திருத்தம்

அச்சறையிலிருந்து இன்று காலை வந்த வரைபடச் சுருளைப் பிரித்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. நெடியால்தான் என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைத்திருப்பார்கள். அமிர்திக்கு மேலே உள்ள சரிவு, அதில் சின்ன முக்கோணத்துக்குள் ஒரு புள்ளி. நீங்கள் நட்ட அளவைக் கல், சார்.

கூடவே ஒரு குறிப்பும் இருந்தது. வழிகாட்டும் செயற்கைக்கோள்களை நாமே சொந்தமாக விட முடியுமா என்று ஆராய்கிறார்களாம். சோதித்துப் பார்க்க, இடம் பிசகாத கற்களின் பட்டியல் வேண்டுமாம். அந்தப் பட்டியலில் உங்கள் கல்லும் இருக்கிறது. சரிபார்த்தேன் என்று நான் கையெழுத்திட வேண்டும்.

உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் இன்றோடு நாற்பது நாள்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களும் களத்தை ஒருமுறை பார்க்கட்டும் என்று என்னை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்களே, அந்த மத்தியானம் நினைவுக்கு வருகிறது. பாறை மேல் ஆன்டெனா. கூடாரத்தில் ரிசீவர். செயற்கைக்கோள் நெருங்கும்போது மேலேறி, கடந்து போகையில் தணிந்த அந்த ஒலியை, "ஒடுகத்தூர் பஸ்ஸு ஹாரன் அடிச்சிகினே நம்மளத் தாண்டிப் போவுதே, அதே கணக்குதாம்மா," என்று எனக்குச் சொன்னீர்கள். கல்லூரியில் புத்தகத்தில் படித்தது அன்றுதான் விளங்கியது.

வெள்ளையன் எட்டிப் பார்த்தான். நாம் கூடாரம் அடித்திருந்த சாமைக் கொல்லை அவனுடையது. அதன் கீழ்ச்சரிவில் நின்ற புளியமரங்களும் அவனுடையவை.

"இன்னா சார், வூட்ட வுட்டு மலையேறி வந்து ரேடியோ கேக்கறீங்க?"

"ரேடியோதான்டா. மேலேர்ந்து பாடுது. அத வெச்சி இந்தக் கல்லு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிக்கறோம்."

"கல்லு இங்கதான சார் இருக்குது. என்னக் கேட்டா சொல்லியிருப்பேனே."

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். "மேல போறது நம்ம நாட்டதா?" என்று அவன் கேட்டதும் சிரிப்பு நின்றது. "இல்லடா. கோளு அவங்களது, கணக்கு அவங்களது. கல்லு மட்டும் நம்மளது."

அந்தக் கோள்கள் சொன்ன எண்கள் வெளிநாட்டார் வகுத்த பூமி வடிவத்துக்கு ஏற்றவை. நம் பழைய வரைபடங்களோ வேறொரு வடிவத்தின் மேல் வரைந்தவை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு திருத்தம் போட வேண்டும், ஒரே ஒரு முறை. விதிப்படி அது அலுவலகத்தின் வேலை. முன்பு வேறொரு மலையில் அலுவலகம் அதை மறந்துவிட்டதால், அதன் பிறகு நீங்களே கூடாரத்தில் உட்கார்ந்து போட்டுவிடும் வழக்கம் வைத்திருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. எண்களை எழுதி எனக்கு அனுப்பிய களத் தாளின் பின்பக்க மூலையில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தீர்கள்: "திருத்தம் போட்டாயிற்று." தாளைத் திருப்பிப் பார்க்காமல் நான் மறுபடியும் போட்டேன். நாம் இருவருமே கவனமாக இருந்தோம், சார். அதனால்தான் கல் இடம் மாறியது.

கல் வரைபடத்தில்தான் மாறியது. ஆனால் அந்தக் கல்லிலிருந்து அளந்துதான் காப்புக்காட்டின் எல்லைக்குத் தரையில் முளை அடித்தார்கள். கோடு ஒரு கொல்லை அகலம் நகர்ந்தது. வெள்ளையனின் புளியமரங்கள் காட்டுக்குள் போயின. மாசியில் புளி உலுக்கப் போன அவன் மனைவியின் கூடையை வனக்காவலர் பிடுங்கி, அவளை நாள் முழுக்கச் சாவடியில் உட்கார வைத்தார்.

கோடு எப்படி நகர்ந்தது என்று அலுவலகம் வைத்த விசாரணைக்கு முந்தின மாலை அந்தத் தாளைத் தேடி எடுத்துத் திருப்பினேன். படித்தேன். கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"தாள்ல குறிப்பு ஏதாவது இருந்ததாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் பாக்கல சார்."

கணக்குப் போட்ட அன்று பார்க்கவில்லை, அது உண்மை. தாள் எங்கே என்றதற்கு, தேடணும் என்றேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "நான் எழுத மறந்திருப்பேன் சார்," என்றீர்கள்.

வராந்தாவில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "உனக்கு வேல இன்னும் பர்மனென்ட் ஆவலியேம்மா. எனக்கு இன்னா, ரெக்கார்டு ரூம்ல ஃபேன் இருக்குது."

என் வேலை அந்த ஆண்டே நிரந்தரமானது. உங்களை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள்; நீங்கள் அதற்குப் பிறகு மலையில் வேலை பார்க்கவே இல்லை. கோட்டைத் திருத்தக் கேட்டு எத்தனை மனு எழுதினீர்கள்! ஒவ்வொன்றும் என் மேசையைத் தாண்டித்தான் போனது. களத் தாள் இல்லாததால் எந்த எண் சரி என்று சொல்ல முடியாது, மறு அளவை வரும்வரை கோடு இருக்கட்டும் என்று ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பதில்களைத் தட்டச்சுக்கு அனுப்பியவளும் நான்தான்.

உங்களை எடுத்த அன்று ஒடுகத்தூரில் உங்கள் வீட்டுக்கு வெள்ளையன் வந்திருந்தான். திருப்பத்தூரில் லாரிக்கு மூட்டை தூக்குகிறான். பந்தலுக்கு வெளியிலேயே நின்றான்.

"வருசா வருசம் எங்க வூட்டுக்கு வருவாரும்மா. தப்பு என் மேலதான்டான்னு சொல்லுவாரு. அவரு பொய் சொன்னா மூஞ்சிலயே தெரிஞ்சிடும். யார்னா அவருக்கு வேண்டப்பட்டவங்க செஞ்சது போலக்குது. நானும் கேக்கல."

அவனுக்கு நான் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

நம் கோளே தலைக்கு மேல் வரும் நாளில் இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் தீர்ந்துவிடும் என்பீர்கள். அப்படித் தீராது, சார். நான் கையெழுத்திட்டால் நம் கோளும் இந்தப் பொய்க் கல்லைப் பார்த்துத்தான் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும்.

கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பென்சில் எழுத்து அழியவில்லை. அதன் கீழே மையால் எழுதினேன்: "அறியாமல் இரண்டாம் முறை போட்டவள் நான். அறிந்தும் மறைத்தவளும் நானே." பெயரும் எழுதிக் கோப்பில் கட்டி மேலே அனுப்பினேன். அதிகாரி இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்.

நாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருப்பத்தூர் போய் லாரிப் பேட்டையில் வெள்ளையனைத் தேட வேண்டும். கோடு நகர்ந்தாலும் நகராவிட்டாலும், உங்களுக்கு வேண்டப்பட்டவள் யார் என்று அவனிடம் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் தாள் இருந்த கைப்பை இன்று காலியாகத்தான் இருக்கிறது. தோளில் மாட்டும்போது அதே கனம்.