சிரிச்சானின் நாலாவது விரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் சிரிச்சானும் சுகம். மேல்மாடியில் இருக்கிறவளும் சுகமாகத்தான் இருப்பாள், அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும், பொறுமையாகப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அவசரப்படுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன்.

பதறாமல் படி. சிரிச்சானுக்கு முன்னங்கை ஒன்று போய்விட்டது. என் பேத்தி என்னை நம்பித் தொட்டியோடு விட்டுப்போன ஆக்ஸலாட்டில் என்கிற தண்ணீர்ப் பிராணி, அந்தப் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை, கால் முளைத்த மீன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன், அதற்கு இப்படி ஆகிவிட்டது. இத்தனை நாள் வீடியோவில் நான் தொட்டியின் ஒரு பக்கத்தையே காட்டியதும், பேத்தி திருப்பிக் காட்டச் சொன்னபோதெல்லாம் சிக்னல் இல்லை என்றதும் இதனால்தான். செய்தது உன் அத்தை. ஒண்டியாக் கிடக்கு பாவம் என்று கடையிலிருந்து இன்னொரு குட்டியை வாங்கிவந்து, நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் தொட்டிக்குள் விட்டுவிட்டாள். அது பசியில் இருந்ததோ என்னவோ, எதிரில் அசைந்த கையைப் புழு என்று நினைத்து முழங்கை வரைக்கும் கடித்து எடுத்துவிட்டது. நான் ஈரத்தலையோடு வந்து பார்க்கிறேன், சிரிச்சான் மூலையில் அதே சிரித்த மூஞ்சியோடு உட்கார்ந்திருக்கிறான். வலித்தாலும் அதற்கு வேறு மூஞ்சி கிடையாதே.

உன் அத்தையோடு நான் பேச்சை விட்டது எதனால் என்று உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது மூக்கு எங்க வீட்டு மூக்கு இல்லையே என்று நர்ஸ் முன்னால் சொன்னாள், அதைக்கூட விட்டுவிட்டேன், விட்டேனே தவிர மறக்கவில்லை. உன் அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் கேட்க, எங்க அண்ணனை நீ சரியாப் பாத்துக்கலை என்றாளே, அதை எப்படி விடுவேன். அன்று அவள் கையில் எந்தப் பை இருந்தது, அதன் ஜிப் எந்தப் பக்கம் பிய்ந்திருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். அதனால் இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். ஒரு வாயில்லாப் பிராணியைக்கூடப் பாத்துக்கத் தெரியலையே உனக்கு என்று அவள் மூஞ்சிக்கு நேரே கேட்டேன். பதிலுக்குக் கத்துவாள் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றால், என் தப்புதான் அண்ணி என்று சொல்லிவிட்டு அந்தக் குட்டியை வாளியில் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டது.

கால்நடை டாக்டரிடம் போட்டோவைக் காட்டினேன். ஒண்ணும் தடவாதீங்கம்மா, தொடாதீங்க, தனியா ஒரு டப்பில விட்டுச் சுத்தமான குளிர்ந்த தண்ணியை தினம் மாத்துங்க, கை தானா முளைச்சுடும் என்றார். கை என்ன முருங்கைக்கிளையா டாக்டர் என்று கேட்டேன், சிரிக்கிறார். எனக்கென்னவோ நம்பிக்கையே இல்லை. இருந்தாலும் குழாய்த்தண்ணீரில் குளோரின் போக நீ கொடுத்த மருந்துச் சொட்டை விட்டு வைத்திருந்து மாற்றினேன். குளிர்ச்சிக்கு எப்போதும்போலத் தண்ணீரை பாட்டிலில் உறையவைத்து, மூடியோடு டப்பில் மிதக்கவிட வேண்டும். பார்த்தால், அந்த வாரம்தான் என் ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணுகிறது. அவளிடம் போய்க் கேட்பதற்குப் பதில் நானே உட்கார்ந்து டப்புக்கு விசிறலாம் என்று இருந்தேன். நான் ஃபிரிட்ஜைத் திட்டினது மேலே கேட்டிருக்கும் போல, மறுநாள் காலையில் மாடிப்படியில் துண்டு சுற்றி ஒரு பாட்டில் இருந்தது, கல்லாக உறைந்து. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. உருகின பாட்டிலை அதே படியில் வைத்தேன், சாயந்தரம் வேறு வந்தது. காலையும் மாலையும் இப்படியே ஓடியது.

ஒரு நாள் பாட்டில் வரவில்லை. டப்பில் தண்ணீர் வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது, வேறு வழியில்லாமல் மேலே ஏறினேன். கதவு திறந்துதான் இருந்தது. உன் அத்தை காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாளி முன்னால் உட்கார்ந்து, அந்தக் கடித்த குட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், ஏண்டி, துணைக்குன்னு கொண்டுபோய் விட்டா கையையா தின்னுவே, உன்னால அண்ணி மூஞ்சியைப் பாக்க முடியலைடி என்று. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. எழுந்து வந்து பாரு, விரல் வந்திருக்கு என்றேன்.

ஆமாம், வந்துவிட்டது. முதலில் குண்டூசித் தலை மாதிரி ஒரு மொட்டு, பிறகு கண்ணாடி மாதிரி ஒரு சின்னத் துடுப்பு, இப்போது அதில் மூன்று விரல். முன்னங்கையில் நாலு இருக்க வேண்டுமாம், நாலாவது இன்னும் புள்ளியாகத்தான் இருக்கிறது. உன் அத்தை கம்பளியோடு இறங்கிவந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தாள், பிறகு நான் போட்ட காபியைக் குடித்தாள், சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொன்னாள்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், இந்த வயசில் உனக்கு எதுக்கும்மா ஐஸ் பாட்டில் தூக்குற வேலை என்று நீ அந்த வளர்ப்புமீன் கடைக்காரரிடம் பேசி, அடுத்த மாதம் வந்து சிரிச்சானை எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறாயே, அது வேண்டாம். நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். ஆனால் அவன் போய்விட்டால் அந்தப் படியில் எதை வைப்பது, சொல்லு. நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த வராந்தாவுக்கு இன்னும் அவள் கணக்குத் தீர்க்கவில்லை. அதற்கும் அவள் இங்கே வந்து போய்க்கொண்டு இருந்தால்தானே முடியும்.

பேத்தியிடம் உள்ளதைச் சொல்லிவிடு, அழுதால் அழட்டும், மூன்று விரல் வந்ததையும் சேர்த்துச் சொல்லு. நாலாவதை லீவுக்கு வந்து அவளே எண்ணட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. கடைக்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லு, நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

உன் அத்தையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.