வேலிக்கு ஒரு கேட்

கொல்லயில் கிராமம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

பிரியமுள்ள மகன் ஜினுவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மருமகள் சோனாவும் சுகம். நீ வேலை பார்க்கும் வறண்ட காட்டில் போன் கிடைப்பதில்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் உனக்கு நன்றி. காட்டுநாய்களைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் நீங்கள் மைல்கணக்கில் கட்டும் வேலியில், அடிவலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரிப்பார்கள் என்றாயே, வீட்டைச் சுற்றியுள்ள நம் பறம்பில் ஆடுகளுக்காக அப்படியே வேலி போட்டோம். நாய் வேலியின் அடியில்தான் தோண்டும், இரண்டடி பின்னால் தள்ளித் தோண்ட அதற்குத் தெரியாது என்றாய். உண்மைதான். இங்குள்ள தெருநாய்கள் மண்ணைப் பறித்துப் பார்த்து, கம்பியில் நகம் பட்டுத் திரும்பிவிட்டன.

ஆனாலும் ஒரு ஆடு போய்விட்டது. நீ வருந்துவாய் என்று நினைத்து சோனா இதை உன்னிடம் சொல்லவில்லை. அயல்வீட்டு சரசம்மா குடும்பத்தார் பஸ்ஸுக்கும் செங்கல் ஊர்க் கோயிலுக்கும் நம் பறம்பு வழியாகத்தானே போகிறார்கள். நடைவழியை அடைப்பது பகைக்கு அழைப்பு அல்லவா? அந்த இடத்தை மட்டும் திறந்தே விட்டோம். பாதி வட்டம் வரைந்து அதற்குள் நிற்கச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகளே சிரிப்பார்கள். நாங்கள் செய்தது அதுதான். நாய்கள் அந்த வழியாகவே வந்தன.

மிஞ்சியது சினையாடும் ஒரு கிடாயும். ஆடு பெருகினால் இந்த ஒப்பந்தத்தோடு நீ ஊருக்கு வந்துவிடலாம் என்பது சோனாவின் நினைப்பு. அன்று அவள் சாப்பிடவில்லை.

செத்த ஆட்டைப் பார்க்க வந்த சரசம்மா என்னைத்தான் ஏசினாள்.

"எனக்க வழிய அடைச்சா நான் சண்டைக்கு வருவேன்னு நெனச்சியளா டீச்சரே? ஒரு கேட்டு வையுங்க. போவும்பளும் வரும்பளும் நானாக்கும் அடைப்பேன்."

அவள் மகன் உண்ணியே வெல்டிங் செய்து கேட்டை மாட்டினான். இப்போது கொண்டியைப் போட்டு, ஆட்டிப் பார்த்த பிறகுதான் அவள் நகர்கிறாள். கல்யாணம் அழைக்க வந்தவர்கள் திறந்து போட்டுவிட்டுப் போக, பாதி வழியில் கூப்பிட்டு அடைக்க வைத்தாள். அவளைப் போல ஒரு அயல்காரி கிடைத்ததற்கு இன்று ஆலயத்தில் தனியாக நன்றி சொன்னேன்.

புதன்கிழமை சினையாடு ஈன்றது. இரண்டும் பெட்டைக்குட்டிகள். பெயர் வைக்க சோனா சரசம்மாவைத்தான் கூப்பிட்டாள்.

அங்கே வேலையில் இன்னும் ஒரு வருஷம் நிற்கச் சொல்கிறார்கள் என்றாய். முடிவு உன்னுடையது. சாயங்காலம் கேட்டை அடைத்த பிறகும் சோனா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்து நிற்கிறாள், அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த நீண்ட வேலியோரம் நீ தனியே போகும் வழியெல்லாம் கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும். நம் கேட்டின் கொண்டி உள்பக்கம். நாய்க்கு எட்டாது, கையை மேலே போட்டால் உனக்கு எட்டும். எந்நேரமானாலும் யாரையும் கூப்பிட வேண்டாம். திறந்து வா மக்கா. வந்து அடைத்துவிடு.

ஜெபத்துடன்,
அம்மா
புஷ்பபாய்