உன் நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் காகிதத்தை எடுத்தேன். கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? முதலில் அதைச் சொல், மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது உன் கடிதத்தை மாமா டிவி பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். உறையைப் பார்த்ததுமே என்னவோ போலிருந்தது. எப்போதும் என் பெயரைக் கோழி கிளறிய மாதிரி எழுதுவாய். இந்த முறை அச்சடித்த முகவரி. பிரித்தால் உள்ளேயும் அச்சடித்த எழுத்து, அதுவும் இங்கிலீஷில். 'மை மோஸ்ட் எஸ்டீம்ட் சிஸ்டர்' என்று தொடங்கியிருக்கிறாய். உன்னை வளர்த்ததற்கு 'கிரேட்ஃபுல்', படிக்க வைத்ததற்கு 'டீப்லி இன்டெட்டட்', மாமாவின் பொறுமைக்கு 'சின்சியர் அப்ரிஷியேஷன்'. கடைசியில் 'யுவர் ஒபீடியன்ட் பிரதர்' வேறு. நீ எந்தக் காலத்தில் எனக்கு அடங்கினாய்?

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பய இங்கிலீஷ் பிரமாதமா கத்துக்கிட்டான், அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்று கேட்டார். தன்னைப் புகழ்ந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எங்கள் ஃபாக்டரியின் ஆபீசில் நான் டைப் அடிப்பதெல்லாம் இந்த வார்த்தைகளைத்தான். எங்கள் மேனேஜரை நாங்கள் 'சிவப்புப் பென்சில்' என்போம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? எந்த வார்த்தை எங்கே உட்கார வேண்டும் என்பதில் அந்த மனிதர் எமன். யாரிடமாவது ஒன்றைக் கேட்கப் போகிறோம் என்றால் கொடுப்பதற்கு முன்பே 'கிரேட்ஃபுல்'. முடியாது என்று சொல்லப் போகிறோம் என்றால் 'அப்ரிஷியேட்'. 'எஸ்டீம்' என்ற சொல்லை உயிரோடு வேலை பார்க்கிறவனுக்கு அவர் ஒருநாளும் போட்டதில்லை. ஓய்வு பெற்றுப் போகிறவருக்குப் போடுவார். பாய்லர் பிரிவில் ஒருவர் தவறிப்போனபோது அவர் மனைவிக்கு ஒரு கடிதம் போனது. அதை அடித்தது நான்தான். உங்கள் கணவரை உயர்ந்த மதிப்பில் வைத்திருந்தோம், அவர் உழைப்புக்கு ஆழ்ந்த கடன்பட்டிருக்கிறோம் என்று போகும். உன் கடிதத்தில் அதே வார்த்தைகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

ஆபீஸ் வழக்கத்தை விடு. நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்? வழி சொன்னவருக்குச் சொல்வோம், பஸ்ஸில் இடம் விட்டவருக்குச் சொல்வோம். என் முதல் சம்பளத்தில் உனக்குச் சட்டை எடுத்து வந்தேன். போட்டுப் பார்த்து, "கை நீளமா இருக்கு, உனக்கு அளவே தெரியாதா" என்றாய். அப்புறம் அது கிழிகிறவரை கழற்றவில்லை. அது போதுமே எனக்கு. அம்மா போனதிலிருந்து நீ எனக்கு இப்படித்தான் பேசி வந்திருக்கிறாய். கூடப் பிறந்தவளுக்கு நன்றி சொல்கிறவன் எங்கேயோ கிளம்புகிறான் என்றுதான் அர்த்தம். எங்கேடா கிளம்புகிறாய்?

உன் போன் அணைத்தே கிடக்கிறது. நீ வேலை செய்கிற கிடங்கின் ஆபீசுக்கு மெயில் போட்டேன். உடனே பதில் வந்தது. உங்கள் அக்கறையை அப்ரிஷியேட் செய்கிறோம், அவர் விடுப்பில் இருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல மாட்டோம் என்பதைத்தான் அவ்வளவு பணிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும், ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றாய். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வேண்டாம், எண்ணிக்கை பார்க்கிற வேலை போதும் என்று நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். பதவி இறக்கமா என்று நான் உன்னைத்தான் திட்டினேன். இன்று காலை இட்ட உப்பையே மறுபடி இட்டிருக்கிறேன், மாமா அதை அப்படியே சாப்பிட்டுப் போனார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஏதாவது தப்பான யோசனையில் இருக்கிறாயா? யாராவது உன்னை ஏதாவது செய்துவிட்டார்களா? எதுவானாலும் சொல். உன்னோடு அறையில் இருக்கிற அந்த ஒல்லி வெல்டரின் நம்பர் என்னிடம் இல்லை. மாமா அந்த வெல்டரின் ஊர்க்காரர் யாரையோ பிடித்துத் தேடுகிறார்.

இதுவரை நேற்று எழுதியது. உறையில் போடுவதற்குள் ஒல்லியே போன் செய்துவிட்டார்.

முதலில் எதையும் சொல்லவில்லை. "அவன் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்க்கா" என்றார். நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அப்புறம் சொன்னார். தலைக்குள் கட்டி என்றார். அடுத்த வாரக் கடைசியில் ஆபரேஷன், வலது கை நடுங்குவதால்தான் கடிதத்தை அச்சடித்தாய் என்றார். பிழைப்பானா என்று கேட்டேன். டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார், ஆனால் உறுதி சொல்லவில்லை என்றார். நான் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தமிழில்தான் எழுதினாயாமே. "அக்கான்னு எழுதினா அடுத்த வரிக்குப் போக முடியல, இங்கிலீஷ்ல எழுதினா வேற யாரோ எழுதுற மாதிரி இருக்கு" என்று சொன்னாயாம். கிழித்துப் போட்டுவிட்டு, மாதிரிக் கடிதங்களைப் போனில் தேடி எடுத்து ஒட்ட வைத்தாயாம். முட்டாள். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

போனை ஏன் அணைத்து வைத்தாய் என்பதையும் சொன்னார். "அக்கா குரலைக் கேட்டா ஆஸ்பத்திரித் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன், எந்திரிச்சு ஓடிப்போயிடுவேன்" என்றாயாம். சரி. நான் போன் செய்ய மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். நீ கையெழுத்துப் போடு. இடது கையால் போட்டாலும் போடு.

நான் கிளம்பி வருவதற்கு மாமா அலைந்துகொண்டிருக்கிறார். விசா அதற்குள் கிடைப்பது சந்தேகம் என்கிறார்கள். பஸ் டிப்போவில் லீவு சொல்லிவிட்டு, விசா ஆபீஸ் வாசலிலேயே பொழுதுக்கும் நிற்கிறார். உன் கடிதத்தைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் எடுத்து என்னிடம் கொடுத்து, "எனக்கு இந்தப் பாராட்டு வேணாம், அவன் என்னை எப்பவும்போல கடுகடு மாமான்னே கூப்பிடட்டும்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

இந்தக் கடிதத்தை ஒல்லி உனக்குப் படித்துக் காட்டுவார். கூரியர் கவுண்டரில் இருந்த பெண், ஆபரேஷனுக்கு முன்பே நிச்சயம் போய்ச் சேரும் என்று சொன்னாள். அவளுக்கு நன்றி சொன்னேன். அவளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கூடவே உன் இங்கிலீஷ் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். ஆபீசிலிருந்து ஒரு சிவப்புப் பென்சில் எடுத்து வந்து நானே திருத்தினேன். 'எஸ்டீம்ட்' என்பதை அடித்துவிட்டேன். நீ போனவர்களுக்கும் போகிறவர்களுக்குமான சொல்லை எடுத்திருக்கிறாய், நம் இருவரில் யாரும் எங்கும் போகவில்லை. 'கிரேட்ஃபுல்' என்பதை அடித்து, ஓரத்தில் 'யாருக்கு?' என்று எழுதியிருக்கிறேன். 'ஒபீடியன்ட்' பக்கத்தில் 'பொய்' என்று போட்டேன், அங்கே மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அடித்தது போக உன் பெயரும் என் பெயரும்தான் மிச்சம். அது போதும்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்புப் பென்சில் திருப்பிய டிராஃப்ட், கடிதம் ஆகாது. போனதாகவும் கணக்கில்லை, வந்ததாகவும் கணக்கில்லை. எழுதியவரே திருத்தி எடுத்து வந்து மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினால் அவர் கையால் தொடக்கூட மாட்டார்.

நானும் தொட மாட்டேன். உனக்கு மொட்டை அடிப்பார்களாம். மயிர் முளைக்கும் வரை காத்திருக்காதே, அப்படியே வா. வந்து எனக்கு அளவே தெரியாது என்று திட்டு. நல்லபடியாகக் கண் விழி, என் கண்ணே. உன் கடிதம் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வாசலைப் பார்த்தபடி,
உன் அக்கா