நான்காவது ஆணி

அக்டோபர் 27, திங்கள்

நஜீர் அகமதுவின் ஆட்டோ சீட் கவர் கடையில் இன்று எட்டாவது நாள். வேலையை விட்டு விலகும் கடிதத்தை முதல் நாளே எழுதி இந்த நோட்டின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்தவன். எதற்கும் தயாராக இருப்பது நல்லது.

இங்கே அனுப்பியது என் மனைவி சந்திராதான். "சமையல் ரூம்ல டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டினது போதும். எங்கனா வேலைக்குப் போங்க." உளுந்துக்கு ஏழு என்று ஞாபகம் வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமா?

அக்டோபர் 28

மிஷினில் நேர்க்கோடு தைக்க, கடையில் தையல் வேலை பார்க்கும் ஹுமேரா பழக்கினாள். பழைய ரெக்சின் துண்டில் பதினாறு கோடுகள் ஓட்டினேன். பதினொன்று நேர்.

"சார், பெடலை மிதிக்கிறீங்களா, அதுகிட்ட மன்னிப்பு கேக்கறீங்களா?"

அக்டோபர் 30

கடைச் சுவரில் நான்கு ஆணிகள். மூன்றில் அவரவர் முதன்முதலாகத் தைத்துக் கெடுத்த கவர்கள் தொங்குகின்றன. நஜீருடையதில் இரண்டு சீட் போகும். ஹுமேராவுடையதில் மயில்கள் தலைகீழ். வெட்டும் வேலை பார்க்கும் கலீமுடையதில் அவன் சட்டைக் கையும் சேர்ந்து தைக்கப்பட்டிருக்கிறது.

நான்காவது காலி. அது ரிசர்வ் என்றான் கலீம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 3

முழு வேலை ஒன்று என் கைக்கு வந்துவிட்டது. கனகம்மாசத்திரம் ஜெகநாதனின் ஆட்டோ, பின் சீட்டின் சாய்மானக் கவர். வியாழக்கிழமை கிருத்திகை, மலைக்கோயிலுக்கு ஆள் ஏற்ற அவருக்குப் புதன்கிழமையே வண்டி வேண்டும்.

மூன்று முறை அளந்தேன். நான்காவது முறை டேப்பை எடுத்ததும் ஜெகநாதன், "இன்னா நைனா, சீட்டுக்கா பட்டாவுக்கா?" என்றார்.

சரியாக வந்தால் இங்கேயே இருப்பேன். இல்லையென்றால் கடிதத்தில் தேதி போட்டுவிடுவேன்.

நவம்பர் 4

தைத்து முடித்தேன். ஒரு இழை விலகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன் — அழகு.

கலீம் ஸ்பான்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தான். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், இத்த எது வழியா உள்ள உடறது?"

வழி இல்லை. நான்கு பக்கமும் மூடிவிட்டேன். அடிப்பக்கத்தைத் திறந்து விட வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், அடிக்கோடு போட்டு. ஏன்டா இப்டி பண்ண? அறுபத்தொம்பது வயசுக்கு இது தேவையா? பிரித்தால் ஊசி ஓட்டைகள் நிற்கும், மழை இறங்கும். ரெக்சின் வீண்.

தேதி போட்டுக் கடிதத்தை நீட்டினேன். நஜீர் கடைசி வரி வரை படித்தார்.

"எழுத்து நல்லா கீது சார்" என்றார். பிறகு கவரை எடுத்துப்போய் நான்காவது ஆணியில் மாட்டினார்.

கலீம் புதிதாக வெட்டினான். மூன்று பக்கம், மூன்று பேர் — நஜீர், ஹுமேரா, நான். நான் தைத்து முடிக்கும்வரை கலீம் நான்காவது பக்கத்தில் கையை விட்டபடியே நின்றான்.

நவம்பர் 5

ஜெகநாதன் சாய்ந்து பார்த்தார், இரண்டு முறை. யார் தைத்தது என்றார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். மூன்றில் ஒரு பக்கம்தான் என்று திருத்தினேன்.

நவம்பர் 6

கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். அதில் ஹேண்டில் கவருக்கு மாதிரி வெட்டியாகிவிட்டதாம்.

நவம்பர் 24

கே.ஜி.கண்டிகையிலிருந்து அனிதா என்ற பெண் இன்று வேலைக்குச் சேர்ந்தாள். பெடலைத் தொடவே பயப்படுகிறாள். சுவரைப் பார்த்து, நான்காவது யாருடையது என்று கேட்டாள். என்னுடையதுதான், உள்ளே காற்றுகூடப் போகாது என்றேன். முதல்முறையாகச் சிரித்தாள்.

மதியம் ஒரு ஆணி அடித்தேன். மற்ற நான்கின் வரிசையில், சரியாகப் பதினெட்டு அங்குலம் தள்ளி.

"இது எதுக்கு சார்?"

"ரிசர்வ்மா."