மாப்ளே, மைக்காதான்!

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய மாப்ளே முத்துராசுக்கு,

உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன். செத்துப்போய் ஏழு மாதம் ஆகிவிட்டது என்பதற்காக விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா?

உன் பழைய கறுப்புக் கார் இப்போது உன் மகள் தேவி கையில். உன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள், அதைச் சொல்லியாக வேண்டும். நாலுவழிச் சாலைக்காக விருதுநகர் ஓரமெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த இரைச்சலிலும் அவள் வருவது தெரிந்துவிடும், பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுகிற டைனமோ கத்துகிற கத்தலில். போன வாரம் செல்வி என் பட்டறைக்கே வந்துவிட்டாள். உனக்குப் பெண்டாட்டி என்றாலும் எனக்குத் தங்கச்சி அல்லவா, நேரே சண்டைக்குத்தான் வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சத்தத்த நிறுத்துங்க, இல்லாட்டி வண்டிய எடைக்குப் போட்டுருவேன். அது தெருமுனையில வரும்போதெல்லாம் அவுக வந்துட்டாகன்னு தட்டு எடுத்து வைக்கேன். எம்புட்டு நாளைக்கு இப்படி?"

இதைக் கேட்டபிறகு எப்படிச் சும்மா இருக்க?

பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை ஓட்டினேன். சத்தம் இல்லை. டைனமோவைத் தனியே இறக்கி, பேட்டரி கொடுத்துச் சுற்றவிட்டேன். அங்கேயும் கத்தியது. தண்டு சுழல்கிற புஷ்ஷை நீ புதிதாக மாற்றியிருந்தாய், அடியில் ரப்பர்கூட வைத்திருந்தாய். பிறகு உள்ளே சுழல்கிற ஆர்மேச்சரை உருவினேன். அதன் முனையில் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கிற மைக்கா, அந்த அபிரகத் தகடு, செம்பைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றது. கார்பன் பிரஷ் அதில் இடறி இடறிக் கத்தியிருக்கிறது. பொறி வேறு பறந்து செம்பெல்லாம் கரிந்து கிடந்தது.

அதைக் கடைசியாக லேத்தில் கடைந்தவன் நான். கடைந்த பிறகு மைக்காவைக் கீறிப் பள்ளமாக்க வேண்டும். நான் கீறவில்லை. அவசரமோ திமிரோ, இப்போது ஞாபகமில்லை.

நீ அன்றைக்கே சொன்னாய். "மச்சான், மைக்காவப் பாரு."

"என் லேத்துல வந்த பொருள்ல குறை சொல்லாத மாப்ளே" என்று எகிறினேன்.

"அப்ப நீயே வந்து கீறுற வரைக்கும் நான் அந்த மைக்காவத் தொடமாட்டேன்."

தொடவே இல்லையே, பாவி! ரம்பத் துண்டை வைத்து அரை மணி நேரம் கீறினால் தீர்கிற காரியம். எலக்ட்ரீசியனுக்கு இது தெரியாதா? என்ன வீம்பு அது?

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு மோட்டார் பார்க்கப் போனால், காரை மெயின் ரோட்டிலேயே போட்டுவிட்டுச் சாமான் பையோடு வெயிலில் நடப்பாய். சத்தத்துக்கு வெட்கப்படுகிறாய் என்று கேலி செய்தேன். பொறிக்குப் பயந்தல்லவா நடந்திருக்கிறாய்! ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் நான் கேட்டிருப்பேனா?

"ஒரு சத்தத்த நிறுத்தத் தெரியல, இவுக எலக்ட்ரீசியனாம்" என்று செல்வி உன்னைக் கடைசிவரை சொல்லிக் காட்டினாள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

கீறிப் பூட்டிவிட்டேன். நேற்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு தேவி வாசலில் வந்து நின்றது செல்விக்குத் தெரியவே இல்லை. தட்டும் எடுத்து வைக்கவில்லை. "எங்க அண்ணன் கை பட்டதும் நின்னுபோச்சு பாத்தியா" என்று மகளிடம் பெருமை வேறு. கையில் இருந்த காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன் மாப்ளே, அத்தனை வருசமும் கத்தியது உன் வேலை இல்லை, என் வேலை என்று.

இப்படிக்கு,
திட்ட வந்து தோற்றுப்போன உன் மச்சான்,
லேத் பட்டறை சண்முகம்