புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் பாப்பாவும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் இருக்கிற கோபத்தில் அதுகூடக் கொஞ்சம் வெடுக்கென்றுதான் வருகிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, விட்டுத் தள்ளு" என்பீர்கள். அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது என்பதால், எழுதி முடித்துப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் இதோ வந்துட்டேன், அதோ வந்துட்டேன் என்று இழுத்தடிக்கிறார். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாகிட்ட காட்டாம புதுப் பல் முளைக்கக் கூடாதாம், வாயைப் பொத்திக்கொண்டே திரிகிறாள்.

இனிப் பள்ளிக்கூடம். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒளித்துவைத்த டப்பாக்களைத் தேடி நாம் இரண்டு பேரும் பூங்கா பூங்காவாக அலைந்தோமே. பிழைப்பற்ற வேலை என்று உங்கள் அண்ணன் கேலி செய்த அதே விளையாட்டைத்தான் நான் ஏழாம் வகுப்புக்குப் பாடமாக்கினேன். அட்சரேகை, தீர்க்கரேகை என்று கரும்பலகையில் கோடு போட்டால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், கருவியைக் கையில் கொடுத்ததும் மணி அடித்தாலும் எழுந்து போவதில்லை. வளாகத்திலும் ஒட்டியுள்ள பூங்காவிலுமாக ஐந்து டப்பா ஒளித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. இந்த மரத்தின் நிழலை அளந்து அதன் உயரத்தைச் சொல், இங்கே பெய்கிற மழை எந்தப் பக்கம் ஓடும், இப்படி. டப்பா இருக்கும் இடத்தைப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடைசி இலக்கங்கள்தான் ஆளை மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விளையாட்டு நடந்த அன்றைக்குப் பெற்றோர்கள் பார்க்க வருகிறார்கள் என்று தலைமையாசிரியை என் தாளை வாங்கி, அழகாக அச்சடிக்கச் சொல்லி அலுவலகத்துக்கு அனுப்பினார். கட்டத்துக்குள் எண்கள் அடங்கவில்லை. அலுவலக உதவியாளர், பாவம், போய்க் கேட்டிருக்கிறார். அம்மையார் சொன்ன பதில், "ரெண்டு இலக்கம் போதாதா? பிள்ளைங்க சராசரி மார்க்கே நாம அப்படித்தானே போடறோம்." நறுக்கிவிட்டார்கள். நான் அப்போது பூங்காவில் கடைசி டப்பாவைப் புதருக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியும் பூங்காவும் சேர்ந்தாலே ஒரு கைப்பிடி இடம். இரண்டு இலக்கத்தோடு நறுக்கினால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கிற எல்லாமே ஒரே புள்ளியாகிவிடும், ஐந்து டப்பாவுக்கும் ஒரே விலாசம்தானே. ஐந்து குழுவும் ஊர்வலம் போல வாசலைத் தாண்டி, பெரிய சாலையைக் கடந்து, முக்கால் கிலோமீட்டர் நடந்து ஒரு பல் டாக்டர் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்திருக்கின்றன. கூடப் போன ஆசிரியைகள் வளையல் கடைக் கதை பேசிக்கொண்டு பின்னால் போயிருக்கிறார்கள். புதையல் என்றால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? அளவுகோலும் தண்ணீர் பாட்டில் மூடியும் வைத்து ரோஜாப் பாத்தியைத் தோண்டிவிட்டார்கள். டாக்டரின் மனைவி திருட்டுக் கூட்டம் என்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டார். அங்கே இவ்வளவு நடக்க, நான் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காத பூங்காவில் பிள்ளைகளுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சாலையில் லாரிகள் போகிற வேகம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாரும் முழுசாகத் திரும்பி வந்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அதற்குப் பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஏன் என்றால், பிள்ளைகள் செய்தது அத்தனையும் சரி. தாளில் என்ன போட்டிருந்ததோ அந்த இடத்துக்குப் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நாங்கள் வாயாடி என்று கூப்பிடுகிற பெண், குழுத் தலைவி, அழுதுகொண்டே என்னிடம் வந்து, "மிஸ், நாங்க கரெக்டாதான் போனோம், மிஷின்ல டப்பாவுக்கு இன்னும் மூணு மீட்டர்தான்னு காட்டிச்சு மிஸ்" என்றாள். அவளை அந்த வீட்டு வாசலுக்கு அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். வகுப்பிலேயே கணக்கைச் சரியாகப் போட்ட பெண் அவள். இதைப் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம்.

இப்போது எனக்கு மெமோ வந்திருக்கிறது. தவறான எண்களைக் கொடுத்து மாணவர்களை ஆபத்தில் தள்ளினேன் என்று ஒப்புக்கொண்டு திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மன்னித்து விடுவார்களாம். அதைக் காலை வணக்கக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசிப்பார்கள், கருவிகளை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். போடாவிட்டால் வேலை போகும். என் கையெழுத்தில் இருக்கிற தாளையும் அச்சடித்த தாளையும் அவர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீங்களே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள் என்றேன். வெயில் அதிகமாக இருக்கிறதாம். "நீங்க ஒரு தடவை சரிபார்த்திருக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் பாதிதான். மீதி உங்கள் மேல். நேற்று இரண்டே வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சொன்னது என்ன? "கையெழுத்தைப் போட்டுத் தொலை, எப்படியும் ஜூன்ல வேலையை விட்டுட்டு இங்க வரத்தானே போற." எப்படியும் விடப்போகிற வேலை என்றால் எப்படி வேண்டுமானாலும் விட்டுவிடலாமா? நான் கிளம்பிய பிறகும் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். நம் மிஸ்ஸே தப்பு என்று எழுதிக் கொடுத்தார் என்றால், நாம் பார்த்ததும் தப்பு, எண்ணியதும் தப்பு என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். தப்பு எண் எது, சரியான எண் எது என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்கு இந்தக் கருவியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தானே.

உங்களுக்கு அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட அலுத்துவிட்டது, எங்களைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. தெரியாமல் இல்லை. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. பெட்டியை இறக்கித் துடைத்துக்கூட வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடுங்கள். கையெழுத்துப் போடாதே என்று சொல்லுங்கள், அது போதும். நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் போடப்போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்லாமலே போனால், ஜூனில் அங்கே வருவதற்கு எனக்குக் கால் வராது.

வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா